மூன்று பூச்சு

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டபோது என் உள்ளங்கைகள் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. மருதாணிச் சிவப்பு இல்லை. கல்யாணப் பந்தியில் கேசரிக்குப் போடுவார்களே ஒரு பவுடர், அந்த நிறம். விரல் முட்டிகள் கறுத்திருந்தன. மணிக்கட்டில் இருந்த வெள்ளைத் திட்டு மட்டும் முந்தின நாளைவிடத் தெளிவாகத் தெரிந்தது. யாரோ அதைச் சுற்றி பென்சிலால் கோடு இழுத்துக் காட்டியது போல.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இடையில் இரண்டு நாள்.

எனக்கு வெண்புள்ளிகள் வந்தது 1995இல், பத்தொன்பது வயதில். முதலில் வலது கை நடுவிரல் முட்டியில் ஒரு மிளகளவு. "பால் தெறிச்ச மாதிரி இருக்குது, போயிரும்" என்றார் அம்மா. போகவில்லை. மணிக்கட்டு, இடது கணுக்கால், கீழுதட்டுக்குக் கீழே தாடையில் ஒரு கீற்று என்று மூன்று வருடத்தில் பரவி, பிறகு என்ன நினைத்ததோ அப்படியே நின்றுவிட்டது. அப்போது நான் திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் கல்லூரி போய்வந்துகொண்டிருந்தேன். மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்களின் கண் முகத்துக்கு வராது, கைக்குத்தான் போகும். சேலத்தைத் தாண்டி ஓமலூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், செம்மண்ணுக்கு நடுவே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரடு திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கும். வகுப்பில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். வைத்தவள் கெட்டவள் இல்லை. நல்ல உவமை கிடைத்தால் யாருக்குத்தான் விடத் தோன்றும்.

வைத்தியம் எல்லாம் நடந்தது. ஒரு நாட்டு வைத்தியர் கார்போகரிசியை அரைத்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். பூசிக்கொண்டு காலை வெயிலில் நிற்கச் சொன்னார். கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது, அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வினைபுரியும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதே சோராலெனை அளந்து கொடுத்து, அளந்த புற ஊதா ஒளியைக் காட்டுவதுதான் ஆங்கில மருத்துவத்திலும் பல காலம் முறையாக இருந்தது. ஆக, வைத்தியர் சொன்னது வெறும் கட்டுக்கதை இல்லை. அளவுதான் இல்லை. சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்றேன். கணுக்காலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். அதோடு அம்மா எல்லா வைத்தியத்தையும் நிறுத்திவிட்டு வேறு வேலையில் இறங்கினார். மறைக்கும் வேலை.

2000இல் எனக்குக் கல்யாணம். முழங்கைக்குக் கீழே வரும் ஜாக்கெட், இரண்டு கையிலும் மணிக்கட்டு தெரியாமல் வளையல், விரல் முட்டிவரை மருதாணி, முகத்தில் கல் மாதிரி பவுடர். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. பத்தாம் நாள் மாமியார் பார்த்தார். அன்று சாயங்காலம் காப்பி வேறொரு டம்ளரில் வந்தது. விளிம்பில் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். அதன்பிறகு ஏழு வருஷம், தனிக்குடித்தனம் வரும்வரை, அதில்தான் குடித்தேன். மாமியார் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், அந்த டம்ளரில்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன. அவருக்குத் தெரிந்த பெயர் வெண்குஷ்டம். பெயரிலேயே குஷ்டம் இருக்கிறது. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது, ஹான்சன் என்பவர் 1873இலேயே அந்தக் கிருமியைப் பார்த்துவிட்டார். இதற்குக் கிருமியே கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களைத் தன் பகைவர்கள் என்று நினைத்து அழிக்கிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. 'வெண்புள்ளிகள்' என்றே சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு இயக்கமே நடந்து, அரசும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. ஆனால் பெயர் ஆவணத்தில் மாறுவது வேறு, அடுப்படியில் மாறுவது வேறு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவே 2019இல்தான் எடுக்கப்பட்டது. வெண்புள்ளிகள் அந்தப் பிரிவில் எப்போதும் வந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள் யாரும் சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அக்கா ராசிபுரத்தில் இருக்கிறாள். புரட்டாசி முடிந்த மறுநாள் போன் செய்தாள். சங்ககிரிப் பக்கத்து மாப்பிள்ளை, பெங்களூரில் வேலை, ஜாதகம் பொருந்திவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, தப்பா நெனைச்சுக்காத. உன் கையப் பாத்தா பரம்பரையான்னு கேப்பாங்க."

"நான் வரலைக்கா. அப்புறமா வந்துக்கிறேன்."

"சித்தி ஏன் வரலைன்னும் கேப்பாங்கல்ல?"

இரண்டும் உண்மை. இதில் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. வெண்புள்ளிகள் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் இருக்கும் என்கிறார்கள். அதாவது ஐந்தில் நான்கு பேருக்கு இல்லை. அந்த நான்கைச் சொல்லிப் புரியவைக்க, பலகாரத் தட்டு வைக்கும் நேரம் பற்றாது.

அப்போதுதான் பீரோவில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. என் நாத்தனார் மகன் மெல்போர்னில் இருக்கிறான். போன வருடம் வந்தபோது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "அத்தை, அங்க வெள்ளக்காரங்க கறுப்பாகறதுக்கு இதைத்தான் பூசிக்கிறாங்க. வெயில்ல படுத்தா தோல் புற்றுநோய் வருதுன்னு இப்ப எல்லாரும் பாட்டில்லயே கறுக்கிறாங்க. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்றான். அப்போது சிரித்தேன். ஃபேர்னெஸ் கிரீம் டப்பா இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. கறுப்பாக்குவதற்கு ஒரு கிரீம், அதற்குக் காசு!

பாட்டிலில் இருக்கும் முக்கியமான பொருளின் பெயர் டைஹைட்ராக்ஸி அசிட்டோன். பெயர்தான் மிரட்டும், பொருள் ஒரு சின்னச் சர்க்கரை. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற பெண்மணி (தத்துவவாதி இல்லை, இவர் வேறு) ஒரு அபூர்வ நோயுள்ள குழந்தைகளுக்கு இதை மருந்தாக வாய்வழி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் குடிப்பதில் பாதியைத் துப்பும், வழியவிடும். வழிந்த இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பாவதைக் கவனித்தார்கள். துணியில் சாயம் ஏறவில்லை, தோலில் மட்டும் ஏறுகிறது. அவர் தன் கையிலேயே பூசிப் பார்த்தார். 1960 வாக்கில் இது கடைக்கு வந்துவிட்டது. வெண்புள்ளிகள் உள்ளவர்களுக்கும் அப்போதே முயன்று பார்த்திருக்கிறார்கள். தோலின் ஆக மேலே இருக்கும் செத்த அடுக்கோடு அந்தச் சர்க்கரை சேர்ந்து பழுப்பாகிறது. உள்ளே போவதில்லை. நிறம் கொடுக்கும் செல் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அதனால்தான் வெள்ளைத் திட்டிலும் பிடிக்கிறது.

சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து பழுப்பாவதை 1912இல் மெயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். தோசை முறுகுவது, பால்கோவா நிறம் மாறுவது, எல்லாம் இதுதான். எனக்கு இதைப் படித்தபோது அப்புச்சியின் ஆலைக்கொட்டாய் நினைவுக்கு வந்தது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரித் தண்ணீர் பாயும் கரும்புக்காடு. கொப்பரையில் சாறு கொதித்துப் பாகாகும்போது நிறம் ஏறிக்கொண்டே வரும். அந்த நிற ஏற்றத்திலும் இந்த வினைக்கு ஒரு பங்கு உண்டு. அப்புச்சி வெல்லத்தை பிலிக்கல்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோவார். கறுத்த வெல்லத்துக்கு விலை குறைவு, வெளுத்த வெல்லத்துக்குக் கூட. அதனால் பாகில் ஹைட்ராஸ் போடுவார்கள். ஒரு பிடி போட்டால் பழுப்பு வடிந்து வெல்லம் எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிடும். மூட்டையில் சில மாதம் கிடந்தால் மறுபடியும் கறுக்கும், அது வாங்கினவன் பாடு. இப்போதும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலம் பக்கம் ஆலைகளில் சோதனை போடுவது பேப்பரில் வருகிறது. அப்புச்சி வீட்டுக்கு மட்டும் ஹைட்ராஸ் போடாமல் தனியாக ஒரு கொப்பரை காய்ச்சுவார். "கறுத்த வெல்லந்தான் சாமி வெல்லம்" என்பார். விற்பதற்கு மற்றது.

வியாழக்கிழமை இரவு செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

குளித்து, சோப்புப் போட்டு, ஈரம் சரியாகக் காயாமல் பூசினேன். வெறும் கையால் அள்ளி, மருதாணி எண்ணெய் தேய்ப்பது மாதிரி முழங்கை வரைக்கும் தேய்த்தேன். கையைக் கழுவவில்லை, கழுவினால் பூசினது போய்விடும் என்று. உள்ளங்கையின் செத்த தோல் தடிமன், அதனால் அங்கேதான் அதிகம் ஏறும். முட்டி, முழங்கை, கணுக்கால் இந்த மூன்றும் வறண்டு சுருங்கிய இடங்கள், உறிஞ்சிக்கொண்டு கறுத்துவிடும். பூசும்முன் அங்கெல்லாம் மெல்லிசாக வேறு ஏதாவது க்ரீம் தடவிவைக்க வேண்டுமாம். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, வெள்ளையோடு சேர்த்து நல்ல தோலுக்கும் பூசியது. வெள்ளை ஒரு படி கறுத்தால் பக்கத்துத் தோலும் ஒரு படி கறுக்கிறது. இடைவெளி அப்படியே இருக்கும். அந்தப் பென்சில் கோடு அப்படி வந்ததுதான். ஆஸ்திரேலியாக்காரனுக்கு உடம்பு முழுக்க ஒரே வெள்ளை, அவன் அப்படிப் பூசலாம். நமக்கு இது சாயம் போடுகிற வேலை இல்லை, சுவரில் பேத்த இடத்தைப் பூசி அடைக்கிற வேலை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எடுக்கும் வேலையில் உட்கார்ந்தேன். தண்ணீருக்குப் போகாது, சோப்புக்கும் போகாது. செத்த தோல் உதிர்ந்தால்தான் போகும். தானாக உதிர ஐந்தாறு நாளாகும். எனக்கு ஒரு நாளில் உதிர வேண்டும். தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் கை முழுக்கத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். பிறகு வெந்நீரில் கையை வைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். கொஞ்சம் இளகியது. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் குழைத்துப் போட்டேன். முட்டியில் எரிந்தது, கழுவிவிட்டேன். (வெண்புள்ளிகள் உள்ளவர்கள் இதைச் செய்யாதீர்கள். சிராய்ப்பும் எரிச்சலும் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு வர வாய்ப்பு உண்டு. எனக்கு அது தெரிந்திருந்தும் செய்தேன். அவசரம்.) கடைசியில் கைகொடுத்தது அரப்பு. உசில இலையைக் காயவைத்து இடித்த தூள், எங்கள் பக்கம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் இன்னும் இருக்கும். எண்ணெயில் ஊறிய தோலின் மேல் அரப்பைக் குழைத்துப் பூசி, காய்வதற்கு முன் மெல்ல உருட்டி எடுத்தால் அழுக்கு திரிதிரியாக வரும். அதோடு ஆரஞ்சும் வந்தது. மூன்று தடவை. சாயங்காலம் உள்ளங்கை மஞ்சள் அரைத்த கை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் மஞ்சள் பட்ட கையை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ராசிபுரம் போனேன். அக்கா வீட்டில் பாத்திரம் விளக்குவதும் திரைச்சீலை மாற்றுவதுமாக இருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா மகள் என்னை மாடியறைக்கு இழுத்துப் போனாள். "எனக்கு ஐ-லைனர் போடத் தெரியும். நான் போட்டு விடறேன், காட்டுங்க சித்தி."

இந்தத் தடவை முறையாக நடந்தது. முந்தின நாளே தேய்த்தாகிவிட்டது. சோப்புப் போடவில்லை, வெறும் தண்ணீர், முழுக்கக் காய்ந்த கை. அவள் பட்ஸை எடுத்து, பஞ்சைத் திருகி மெல்லிசாக்கினாள். வெள்ளையின் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போனாள். ஓரத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திவிட்டு, காய்ந்த இன்னொரு பட்ஸால் வெளிப்பக்கமாக ஒற்றி ஒற்றிக் கரையைக் கலைத்தாள். நல்ல தோலில் பட்டதை உடனே ஈரத்துணியால் துடைத்தாள். அந்த பாட்டிலின் கெட்டி நம் நிறத்துக்கு ஒரே பூச்சில் போதாது. மூன்று பூச்சு வேண்டும் என்று கணக்குப் போட்டோம். காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று. இடையில் கை நனையக் கூடாது. ஸ்பூனில் சாப்பிட்டேன். பாத்திரத்தில் கை வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை அக்காவின் மாமியார் இரண்டு முறை பார்த்துவிட்டு, "வாத்தியாரம்மாவுக்கு இன்னைக்கு லீவு போல" என்றார்.

நிறம் ஏற ஏற அதற்கு ஒரு வாசனை உண்டு. பாகு அடிப்பிடிக்கப் போகும் நேரத்து வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் பூச்சு முடிந்து நான் கையை விரித்து மின்விசிறிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி உட்கார்ந்து, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தைக் குனிந்து காட்டினாள்.

"சித்தி, எனக்கும் போட்டு விடறீங்களா?"

இடது காதுக்குப் பின்னால், முடி முடியும் இடத்தில். பழைய நாலணா அளவு. விளிம்பு சுத்தமாக இருந்தது. என் முட்டியில் முதலில் வந்தது போலவே.

"எப்ப இருந்து?"

"ஆறு மாசமா."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"டாக்டர்கிட்ட?"

"இல்லைங்க சித்தி. நாளைக்குக் கொண்டை போட்டுப் பூ வெக்கணும்ங்கறாங்க. அதான்."

ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தேன். புள்ளிக்குள் இருந்த பூனைமுடி கறுப்பாகவே இருந்தது. அது நல்ல அறிகுறி. முடியின் வேரில் நிறச்செல் மிச்சம் இருக்கிறது, வைத்தியம் செய்தால் அங்கிருந்து மேலேறி வரும். புதிதாக வந்த புள்ளி வேறு. என் காலத்தில் இல்லாத களிம்புகள் இருக்கின்றன, சோராலென் தேவைப்படாத ஒளிச்சிகிச்சை இருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை பட்ஸை எடுத்துத் திருகிக்கொண்டிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நசுங்கின டம்ளரில் ஏழு வருஷம் குடித்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? "நாளைக்கு அவங்க வரட்டும், புள்ளியோட உக்காரு" என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. ஆனால் மறுநாள் அங்கே உட்காரப்போவது நான் இல்லை, இருபத்தைந்து வயதில் அவள். கீழே அக்கா யாரிடமோ "எம் பொண்ணு வெண்ணெ மாதிரிங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது. இதையெல்லாம் நான் யோசித்து முடித்தேனா என்றுகூடத் தெரியவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்துக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி, ஒற்றிக் கலைத்து. அவளுக்கு இரண்டு பூச்சுக்குத்தான் நேரம் இருந்தது. அவள் நிறம் என்னைவிடக் கொஞ்சம் மட்டு, இரண்டே போதுமாக இருந்தது.

ஞாயிறு காலை எழுப்பி, காதை மடக்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை. எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. என் மணிக்கட்டில் நான் கண்டதைவிட நல்ல வேலை. அவள் கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூப்பர் சித்தி" என்றாள். வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷம் இது இல்லாம போச்சே கண்ணு" என்றாள்.

எட்டுப் பேர் வந்தார்கள். பையன் நல்ல மாதிரி, குனிந்தே இருந்தான். பையனின் ஆத்தாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். படியேறக் கை கேட்டார், பக்கத்தில் நான்தான் நின்றேன். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறி, சோபாவில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. முட்டியைத் தடவியபடியே, "வாத்தியார் வேலைங்களா? அதான் கை மெத்துனு இருக்குது" என்றார். அதற்கு முன் ஒரு வெளியாள் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது எப்போது என்று யோசித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். பத்து நிமிஷம், எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல், வெறுமனே பிடித்திருந்தது. அப்புறம் பலகாரத் தட்டோடு வந்த அக்கா மகள் குனிந்தபோது காதுக்குப் பின்னால் மல்லிகைச் சரம் நகர்ந்தது. என் பார்வை அங்கே போனதை அவளும் பார்த்தாள்.

பிடித்துவிட்டது, தையில் நிச்சயம் என்று அன்று சாயங்காலமே செய்தி வந்தது.

என் கையில் வெளுக்க ஆரம்பித்தது புதன்கிழமை. முதலில் முட்டி. சீராகப் போவதில்லை, பல்லி சட்டை உரிப்பது மாதிரி இங்கொன்றும் அங்கொன்றும். இரண்டு நாள் பார்க்கச் சகிக்காமல் இருந்து, சனிக்கிழமை பழைய கை திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஆசுவாசம் வந்தது, ஏன் என்று ஆராயவில்லை. அன்று இரவே கோயம்புத்தூரிலிருந்து போன்.

"சித்தி, வெளுத்துருச்சுங்க. பாட்டில்ல மீதி இருக்குதா?"

பாதி இருந்தது. இருக்கிறது என்று சொன்னேன். பிறகு அந்த டம்ளரைப் பற்றிச் சொன்னேன். என் கணவரிடம்கூட நான் அதைப் பேசியதில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதால் பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளிம்பு எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது என்பதுவரை. அவள் வெகுநேரம் பேசவில்லை. பஸ் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"அனுப்பி விடுங்க சித்தி. நான் அவர்கிட்ட பேசிட்டுப் பூசிக்கிறேன்."

அடுத்த வாரம் நானே கொண்டுபோனேன். அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு, சீக்கிரம் வந்தது நல்லது என்று ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். பாட்டிலையும் காட்டினேன். பூசலாம், ஆனால் வெயிலுக்கு இது காப்பு இல்லை, பழுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் வெள்ளைதான், சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும் என்றார். பாட்டிலோடு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். சோப்புப் போடாதே. நடுவில் தொடங்கு. ஆறு மணி நேரம் நனைக்காதே. தேய்த்தெடுக்க வேண்டுமானால் சோடா வேண்டாம், அரப்பு.

கார்த்திகையில் அவள் அவனிடம் சொன்னாள். போனில்தான். அவன் கேட்ட முதல் கேள்வி "வலிக்குமா?" என்பதாம். இரண்டாவது கேள்வி, வீட்டில் சொல்லிவிட்டாயா என்று. அதற்கு இவளிடம் பதில் இல்லை. அவன், சரி, உங்க அம்மாகிட்ட எப்ப சொல்றியோ அப்ப எங்க அம்மாகிட்ட நான் சொல்றேன் என்றிருக்கிறான். இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். திருச்செங்கோட்டில் மண்டபம் பார்த்தாகிவிட்டது, பந்திக்கு ஆயிரம் இலை, சமையல்காரர் அட்வான்ஸ் கேட்கிறார் என்று அரைமணி நேரம். வைக்கப்போகும்போது கேட்டாள்.

"கண்ணு, அந்த பாட்டில் இன்னும் இருக்குதல்ல? கல்யாணத்துக்கு உனக்கு வேணுமே."

"இல்லைக்கா. தீந்து போச்சு."

"அதுக்குள்ளயா? கைக்கு அவ்வளவா ஆகுது? பையன்கிட்ட சொல்லி இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு. காசு நான் தர்றேன்."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.